சொதப்பல், குளறுபடி, கோட்டாளா: செம்பூர்த் தமிழ்ச் சூழலில் பிழைச்சொற்களின் பொருள் வரலாறு

1. முன்னுரை

தவறு ஒன்றை ஒரு மொழி எச்சொல்லால் சுட்டுகிறது என்பது சொல்வளம் பற்றிய செய்தி மட்டும் அன்று. அத்தவற்றுக்கு யார் பொறுப்பு, அப்பொறுப்பு எத்தகையது என்னும் தீர்ப்பும் அச்சொல்லினுள் அடங்கியுள்ளது. ‘கணக்கில் பிழை’, ‘கணக்கில் குளறுபடி’, ‘கணக்கில் ஊழல்’ என்னும் மூன்று தொடர்களும் ஒரே பேரேட்டைப் பற்றியனவாக இருக்கலாம். ஆயினும் முதலாவது திருத்தத்தையும், இரண்டாவது விசாரணையையும், மூன்றாவது தண்டனையையும் வேண்டி நிற்கின்றன. ஒரு மொழிக்குள் வாழ்வோர் இவ்வேறுபாட்டை இயல்பாக உணர்கின்றனர். இரு மொழிகளுக்கிடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வுணர்வு தானே கைவருவதில்லை.

மும்பையின் செம்பூர்ப் பகுதியிலுள்ள ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் கூட்டத்தில் ‘ஹிஷேபாத் கோட்டாளா ஜாலா’ என்று மராத்தியில் ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். ‘கணக்கில் குழப்பம் நேர்ந்தது’ என்பதும் இதன் பொருளே; ‘கணக்கில் மோசடி நடந்தது’ என்பதும் இதன் பொருளே. தமிழ் உறுப்பினர்களுக்கு இதனை எடுத்துரைப்பவர் குளறுபடி என்பாரா, ஊழல் என்பாரா என்பதைப் பொறுத்துச் சங்கப் பொருளாளரின் நற்பெயர் நிலைக்கும் அல்லது அழியும்.

பிழையைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொற்கள், குறிப்பாகச் சொதப்பல் என்னும் சொல், எவ்வகைப் பொருளடிப்படையில் தோன்றி வழங்குகின்றன என்பதையும், அவற்றை மொழிபெயர்க்கையில் பொறுப்பின் அளவு எவ்வாறு மாறிவிடுகிறது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மராத்தி, குசராத்திச் சொற்கள் ஒலிக்கு அண்மையாகத் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. கோட்டாளா, கோந்தள், கட்பட் ஆகியவற்றின் முதல் மெய் ஒலிப்புடையது.

2. செம்பூரும் அதன் மொழிகளும்

செம்பூர் மும்பைத் தீவுக்கு வடகிழக்கே, துரோம்பேயை அடுத்து அமைந்த புறநகர். நகரக் குப்பையைக் கொண்டுசெல்ல 1906இல் குர்லாவிலிருந்து இடப்பட்ட இருப்புப்பாதை 1924இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 1950களில் துரோம்பே, மாகுல் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954இல் துரோம்பேயில் அணுசக்தி நிலையம் நிறுவப்பட்டது. 1967இல் அது பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது.

மும்பைத் தமிழர் குடியேற்றத்தில் இருவேறு ஓட்டங்கள் உண்டு. தாராவியில் தோல் பதனிடும் தொழிலையொட்டித் திருநெல்வேலிப் பகுதியினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே குடியேறினர். மாட்டுங்காவில் எழுத்தர், கணக்கர், தட்டச்சர், சுருக்கெழுத்தர் பணிகளுக்கு வந்த தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிக் குடும்பங்கள் நிலைபெற்றன. 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இக்குடியிருப்பின் அடையாளமாயிற்று. விடுதலைக்குப் பின் மாட்டுங்காவில் இடம் அரிதானபோது, புதிய தொழில்நிறுவனங்களுக்கு அருகிலிருந்த செம்பூர் இவர்களை ஈர்த்தது. செம்பூர் சேடா நகரிலுள்ள முருகன் கோயில் ‘திருச்செம்பூர்’ என வழங்குவது, திருச்செந்தூரின் ஓசையை நினைந்து குடியேறியோர் ஊர்ப்பெயரைத் தமதாக்கிக்கொண்டதற்குச் சான்றாகும்.

1960 மே 1ஆம் நாள் மகாராட்டிர மாநிலம் அமைந்தது. 1964இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்தின்வழி மராத்தி அரசு அலுவல்களில் நிலைபெற்றது. இவ்வாறு வீட்டில் தமிழும், பாலக்காட்டுக் குடும்பங்களின் சுற்றத்தில் மலையாளமும், தெருவில் பம்பாய் இந்தியும், கடைவீதியில் குசராத்தியும், மாநில அரசு அலுவலகத்தில் மராத்தியும் வழங்கும் சூழல் உருவாயிற்று. இச்சூழலில் தவறு நேர்ந்தால் அதற்குப் பெயரிட ஐந்து மொழிகளின் சொற்கள் கைக்கெட்டும் தொலைவில் நிற்கின்றன.

3. குறி தவறுதல்

தமிழில் பிழையைக் குறிக்கும் செவ்விய சொற்கள் பலவும் ஒரே பொருளடிப்படையில் எழுந்தவை. தவறு, தப்பு, பிழை என்னும் மூன்றும் குறியை எய்தாமையை உணர்த்தும் வினைகளோடு பிணைந்தவை. வழு என்பது வழுவுதல், அதாவது இருக்கும் நிலையிலிருந்து நழுவுதல், என்பதனோடு உறவுடையது. இவை அனைத்திலும் செல்ல வேண்டிய ஓர் இலக்கோ நெறியோ முன்னரே இருக்கிறது. செய்தவன் அதனின்று விலகுகிறான்.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் (குறள் 772) யானையின் மேல் எறியப்பட்டுக் குறிதப்பிய வேலைக் கூறுமிடத்துப் பிழைத்தல் என்னும் வினையே ஆளப்பட்டுள்ளது. வேல் பிழைத்தது எனில் எறிந்தவனுக்கு அது தோல்வி. யானைக்கு அதுவே உயிர்ப்பேறு. ஒரே நிகழ்ச்சியின் இவ்விரு பக்கங்களும் தமிழில் ஒரே வினைக்குள் நின்றுவிட்டன. ஆகவேதான் ‘சொல்லில் பிழைத்தான்’ என்பது குற்றத்தையும், ‘உயிர் பிழைத்தான்’ என்பது மீட்சியையும், ‘பிழைப்பு’ என்பது வாழ்க்கைக்கான தொழிலையும் குறிக்கின்றன. தப்பு என்பதன் நிலையும் இதுவே: தப்புச் செய்தல் குற்றம், தப்பித்தல் மீட்சி. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (1961, திருந்திய பதிப்பு 1984) இச்சொல்லின் இனச்சொற்கள் பிற திராவிட மொழிகளிலிருந்தும் தொகுக்கப்பட்டுள்ளன, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றிலும் இவ்விரு பொருளும் உள. தவறு என்பதோ வேறு திசையில் நீண்டு, ‘தவறிவிட்டார்’ என இறப்பைக் குறிக்கும் இடக்கரடக்கலாயிற்று.

பாலக்காட்டுத் தமிழரின் காதில் நாள்தோறும் விழும் மலையாளத்தில் ‘பிழ’ என்பது குற்றத்தை மட்டுமன்றி அதற்குச் செலுத்தும் அபராதத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத் தமிழில் ‘சரி பிழை’ என்பது அன்றாடப் பேச்சு. தமிழகப் பேச்சில் அவ்விடத்தைப் பெரும்பாலும் தப்பு பிடித்துக்கொண்டது. ஒரே சொல் ஓரிடத்தில் எளிய மறுப்பாகவும், ஓரிடத்தில் தண்டத்தொகையாகவும், சிலப்பதிகாரத்தில் பாண்டியன் உயிரைக் கொள்ளும் அரசியல் குற்றமாகவும் நிற்பது கருதத்தக்கது.

மராத்தியின் ‘சூக்’ (தவறு) என்னும் சொல்லும் இவ்வடிப்படையினதே. ‘காடி சுக்லி’ என்றால் வண்டியைத் தவறவிட்டதாகப் பொருள். செம்பூர் நிலையத்தில் மின்தொடர் வண்டியைத் ‘தவறவிட்டேன்’ என்னும் தமிழரும் ‘சுக்லி’ என்னும் மராத்தியரும் மொழிக்குடும்பத்தால் வேறுபட்டும் ஒரே உருவகத்தைக் கையாளுகின்றனர். எனவே சூக் என்பதைத் தவறு என மொழிபெயர்ப்பதில் இடர்ப்பாடு இல்லை.

இலக்கண மரபும் இவ்விலகலை நுணுகி ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியக் கிளவியாக்கத்துக்கு உரைகண்டோர் திணை, பால், இடம், காலம், செப்பு, வினா, மரபு என வழுவை ஏழாக வகுத்தனர். வழுவைக் களைவதோடு, வழக்கு நோக்கி ஏற்கத்தகுவனவற்றை வழுவமைதி என ஏற்கவும் செய்தனர். விதியும் விலகலும் தெளிவாக இருந்தால்தான் இத்தகைய பகுப்பு இயலும்.

4. குழைதலும் கலத்தலும்

பேச்சுவழக்குச் சொற்களின் உலகம் வேறு. அங்கு இலக்கும் இல்லை, விலகலும் இல்லை. விளைவின் தோற்றமே பெயராகிறது. சொதப்பல் என்பது ‘சொதசொத’ என்னும் இரட்டைக்கிளவியோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கியது. நீர் மிகுந்து குழைந்த சோறும், பதம் கெட்ட மாவும் சொதசொதவென்று இருக்கும். பொருள்கள் வேண்டியவையே, செய்தவரும் கெடுக்க எண்ணியவர் அல்லர், பதம் மட்டும் கெட்டது. சொதப்பல் என்னும் சொல்லின் இன்றைய பொருளும் இதுவே: நன்கு செய்ய எண்ணி, கைத்திறனோ கவனமோ போதாமையால் கெடுத்துக்கொள்ளுதல். ஆட்டக்காரர் எளிய பந்தைப் பிடிக்காது விட்டாலும், இயக்குநர் நல்ல கதையைக் கெடுத்தாலும், நேர்காணலில் தெரிந்த விடையை மறந்தாலும் அது சொதப்பல். பொய்க்கணக்கு எழுதுவதைச் சொதப்பல் என எவரும் கூறார்.

குழம்பு என்னும் சொல் இவ்வடிப்படைக்குத் துணைச்சான்று தருகிறது. மனம் குழம்புதலும் சோற்றுக்கு ஊற்றும் குழம்பும் கலத்தல் என்னும் ஒரே கருத்தில் நிற்கின்றன. மும்பையில் பெருவழக்கான ‘லோச்சா’ என்பதும் இத்தகையதே. குசராத்தியில் ‘லோச்சோ’ என்பது மென்மையான பிண்டத்தையும் குளறுபடியையும் குறிக்கும். சூரத்தில் கடலைப்பருப்பு மாவை ஆவியில் வேகவைத்து, வடிவம் கூடாமல் குழைந்த நிலையில் உண்ணும் சிற்றுண்டிக்கும் அதுவே பெயர். பம்பாய் இந்தியில் லோச்சாவாக வழங்கிய இச்சொல்லை, 2006இல் வெளிவந்த ‘லகே ரஹோ முன்னா பாய்’ என்னும் இந்தித் திரைப்படம் ‘கெமிக்கல் லோச்சா’ என்னும் தொடரால் நாடறியச் செய்தது. மும்பையில் வளர்ந்த தமிழர் ‘லோச்சா ஆயிடுச்சு’ என்கையில் அதன் பொருள் சொதப்பலுக்கும் கோளாறுக்கும் இடையே நிற்கிறது.

குளறுபடி என்பது குளறுதல், அதாவது நாத் தடுமாறிச் சொற்கள் ஒன்றோடொன்று கலத்தல், என்பதன் வழியது. பேச்சின் தடுமாற்றத்தைக் குறித்த சொல் இன்று பெரும்பாலும் அமைப்புகளின் தடுமாற்றத்தைக் குறிக்கிறது: வாக்காளர் பட்டியலில் குளறுபடி, வினாத்தாளில் குளறுபடி. சொதப்பலில் செய்தவர் ஒருவர், அவர் முகம் தெரியும். குளறுபடியில் கைகள் பல, முகம் தெரியாது. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர் மறவாமல் கொள்ளவேண்டியது.

சொதப்பல் என்பதற்கு நிகர்ச்சொல் காண்பது அண்டை மொழிகளிலும் எளிதன்று. பாலாஜி மோகன் இயக்கி 2012இல் தமிழில் ‘காதலில் சொதப்புவது எப்படி’ என வெளிவந்த படம், தெலுங்கில் ‘லவ் ஃபெயிலியூர்’ என்னும் பெயரைப் பெற்றது. தெலுங்குப் பெயர் காதல் தோற்றதைச் சொல்கிறது. தமிழ்ப் பெயரோ தோற்றவனின் அசட்டுத்தனத்தையும், அதனைக் கண்டு நகைக்கும் பரிவையும் சேர்த்துச் சொல்கிறது. இடையில் இழக்கப்பட்டது அப்பரிவே.

5. கூத்தும் கோந்தளும்

கலத்தல் என்னும் கருத்து உணவோடு நிற்பதில்லை. மராத்தியில் கோந்தள் என்பது அம்பாபாய், துளஜாபவானி முதலிய தேவியரைப் போற்றிக் கோந்தளிகள் என்போர் இரவில் நிகழ்த்தும் வழிபாட்டுக் கூத்து. திருமணம் போன்ற மங்கல நிகழ்ச்சிகளை ஒட்டி அது நடைபெறும். அதே சொல் பெருங்குழப்பத்தையும் குறிக்கும். மோல்சுவர்த்தின் மராத்தி ஆங்கில அகராதியிலேயே (1831, இரண்டாம் பதிப்பு 1857) இரு பொருளும் இடம்பெற்றுள்ளன. தமிழில் ‘இதென்ன கூத்து!’ என்றும் ‘கூத்தடிக்கிறார்கள்’ என்றும் கூறுவது இதற்கு ஒப்பானது. எனினும் கூத்தில் வியப்பும் கேலியும் மிகுதி. கோந்தளில் ஒழுங்கின்மை மிகுதி. ஆதலால் அலுவல்முறைச் செய்திகளில் கோந்தளுக்குக் குளறுபடியே பொருந்தும்.

2017இல் மும்பைப் பல்கலைக்கழகம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் மதிப்பிடும் முறைக்கு மாறியபோது தேர்வு முடிவுகள் நெடுநாள் தாமதமாயின. மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த மாணவர் பலர் இன்னலுற்றனர். மராத்தி நாளேடுகள் இந்நிகழ்ச்சியைச் சுட்டக் கோந்தள் என்னும் சொல்லை மிகுதியாகக் கையாண்டன. பொறுப்பை வற்புறுத்திய அச்சொல், மோசடி என்னும் குற்றச்சாட்டைச் சுமத்தவில்லை. தமிழில் ‘தேர்வு முடிவுக் குளறுபடி’ என்பது இவ்வளவில் நேர்நிகர். ‘தேர்வு முறைகேடு’ என்றால் விடைத்தாள் திருத்தியவர்மீது இல்லாத பழி ஏறும்.

இங்குக் கட்பட் என்னும் சொல்லும் எச்சரிக்கைக்குரியது. மராத்தியில் அதன் முதன்மைப் பொருள் அவசரம், ஆரவாரம். ‘கட்படீத் ஆஹே’ என்றால் விரைந்துகொண்டிருக்கிறேன் என்பதாகும். இந்தியில் அதுவே சீர்கேட்டையும் கோளாற்றையும் குறிக்கும். ஒரே தெருவில் இரு பொருளிலும் வழங்கும் இச்சொல்லை, பேசுவோர் எம்மொழியில் பேசுகிறார் என அறியாமல் பெயர்த்தால் அவசரம் குற்றமாகிவிடும்.

6. குழப்பம் குற்றமாதல்

கலத்தல் அடிப்படையில் எழுந்த சொற்கள் காலப்போக்கில் குற்றப்பெயராவது வரலாற்றில் காணப்படுகிறது. கோட்டாளா என்பதற்கு மோல்சுவர்த் காலத்தில் குழப்பம், சிக்கல் என்பனவே பொருள். இன்றும் ‘மாஜா கோட்டாளா ஜாலா’ என்று ஒருவர் கூறினால், தாம் ஒன்றை மற்றொன்றாக மயங்கிவிட்டதாக மட்டுமே பொருள்படும். ஆனால் 1992இல் மும்பையில் வெளிப்பட்ட பங்குப்பத்திர மோசடியையும், 1996இல் வெளிப்பட்ட பீகார் கால்நடைத் தீவன மோசடியையும் குறிக்க இந்தி, மராத்தி இதழ்கள் இச்சொல்லையே ஆண்டன. கணக்குகளைக் கலக்கி உண்மையை மறைப்பதே இம்மோசடிகளின் வழிமுறையாதலால் இப்பொருள் மாற்றம் காரணமற்றதன்று.

அவ்விரு நிகழ்ச்சிகளையும் தமிழ் இதழ்கள் ஊழல் என்றன. ஊழ்த்தல் முதிர்தலையும் உதிர்தலையும் குறித்த பழைய வினை. ஊழல் என்பதும் முதலில் கெட்டழிதலையும் சீர்கேட்டையும் உணர்த்திப் பின்னரே பதவியைக் கொண்டு பொருள் சேர்த்தலைக் குறிப்பதாயிற்று. மராத்தி கலங்கலிலிருந்தும் தமிழ் அழுகலிலிருந்தும் புறப்பட்டு ஒரே குற்றத்தை வந்தடைந்துள்ளன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஊழல் தன் பழைய பொருளை இன்றைய வழக்கில் ஏறத்தாழ முற்றும் இழந்துவிட்டது. கோட்டாளாவோ இரு பொருளையும் உடன்வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடு இங்கேயே தோன்றுகிறது.

7. வினைத்துணையும் பொறுப்பும்

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கச் சொற்பொருளைக் காட்டிலும் சொல் ஏற்கும் வினை பெரிதும் உதவும். மூன்று சட்டகங்களைக் கொண்டு ஆராயலாம்.

முதலாவது ‘ஆகிவிட்டது’ என்பது. ‘சொதப்பல் ஆகிவிட்டது’, ‘குளறுபடி ஆகிவிட்டது’ என்பன இயல்பானவை. ‘ஊழல் ஆகிவிட்டது’ எனத் தமிழர் கூறுவதில்லை. தானே நேர்வதாக ஊழலைக் கருத இயலாமையே காரணம்.

இரண்டாவது தன்மை ஒருமை. ‘நான் சொதப்பிவிட்டேன்’ என்று எவரும் தயங்காமல் கூறுவர். கேட்போர் நகைத்து மன்னிப்பர். ‘நான் குளறுபடி செய்தேன்’ என்பது அரிது. ‘நான் ஊழல் செய்தேன்’ என்பது குற்ற ஒப்புதல்.

மூன்றாவது மராத்தியின் ‘ஜாலா’ (ஆயிற்று), ‘கேலா’ (செய்தான்) என்னும் இணை. ‘மாஜா கோட்டாளா ஜாலா’ என்பதில் குற்றமில்லை. ‘த்யானே கோட்டாளா கேலா’ என, செய்தவர் வெளிப்பட்டுச் செய்வினை வந்தால் மோசடிப் பொருளே மேலோங்கும். முன்னுரையில் காட்டிய ‘ஹிஷேபாத் கோட்டாளா ஜாலா’ என்னும் தொடரில் செய்தவர் இல்லை; வினையும் ஆதல் வினை. வேறு சான்று இல்லாதவிடத்து ‘கணக்கில் குளறுபடி நேர்ந்துள்ளது’ என்பதே அதற்குரிய மொழிபெயர்ப்பாகும். பேசியவர் மோசடியைக் குறிப்பாகச் சுட்டியிருப்பினும் அக்குறிப்பைக் குளறுபடி தாங்கிக்கொள்ளும். ஊழல் என எழுதிவிட்டால் மற்றைய பொருளுக்கு இடமில்லாமற் போகும்.

இச்சோதனைகளின்படி தமிழ்ச்சொற்களைப் பொறுப்பு மிகும் வரிசையில் கோளாறு, சொதப்பல், குளறுபடி, முறைகேடு, ஊழல் என நிறுத்தலாம். கோளாறு இயந்திரத்துக்கும் உடலுக்கும் உரியது. அதில் செய்தவர் இல்லை. சொதப்பலில் செய்தவர் உண்டு, தீய நோக்கம் இல்லை. குளறுபடியில் நோக்கம் பற்றிய தீர்ப்பு திறந்தே இருக்கிறது. முறைகேட்டில் விதி மீறப்பட்டது. ஊழலில் அம்மீறலால் ஆதாயமும் பெறப்பட்டது. மராத்தியின் கோந்தள் இவ்வரிசையில் குளறுபடியை ஒட்டி நிற்கிறது. கோட்டாளா குளறுபடி முதல் ஊழல் வரை பரந்து கிடக்கிறது.

இவ்வரிசையில் மற்றோர் உண்மையும் புலப்படுகிறது. சொதப்பல் முற்றிலும் பேச்சுவழக்குக்குரியது. அலுவல்முறை நடையில் அதற்கு இடமில்லை. நிகரான செவ்விய சொல்லும் தமிழில் இல்லை. ஆகவே பேச்சை எழுத்தாக்குவோர் நடையை உயர்த்துகையில் பழியையும் அறியாமலே உயர்த்திவிடுகின்றனர். துறை விசாரணை ஒன்றில் தொழிலாளி ஒருவர் ‘அவசரத்துல சொதப்பிட்டேங்க’ என்று கூறியதை ‘அவசரத்தில் தவறிழைத்துவிட்டேன்’ என எழுதினால், கைத்தடுமாற்றம் இழைக்கப்பட்ட குற்றமாக மாறுகிறது. இழைத்தல் என்னும் வினை செய்தவரின் செயலாண்மையை வற்புறுத்துவது. ‘அவசரத்தில் என்னால் சரியாகச் செய்ய இயலவில்லை’ என எழுதினால் நடையும் காக்கப்படும், அவர் கூறியதன் அளவும் காக்கப்படும். அந்த எழுத்து மராத்திக்குச் செல்லும்போது கோட்டாளா என்பதைத் தவிர்த்துச் ‘சூக் ஜாலி’ (தவறு நேர்ந்தது) என அமைப்பதே தக்கது.

8. முடிவுரை

தமிழிலும் மராத்தியிலும் பிழைக்குரிய செவ்விய சொற்களுள் முதன்மையானவை குறி தவறுதல் என்னும் அடிப்படையிலும், பேச்சுவழக்குச் சொற்களுள் பல கலத்தல், குழைதல் என்னும் அடிப்படையிலும் எழுந்துள்ளன. முதல்வகைச் சொற்கள் விலகியவரைச் சுட்டுகின்றன. இரண்டாம் வகைச் சொற்கள் விளைந்த நிலையைச் சுட்டி, செய்தவரின் நோக்கத்தைத் திறந்து விடுகின்றன. அத்திறப்பினால்தான் சொதப்பல் மன்னிப்பை நாடவும், கோட்டாளா குற்றப்பெயராகவும் முடிந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்து, சமகாலச் சொற்களை அவற்றின் வழக்குக் குறிப்போடு தரும் முறையை நிலைநாட்டியது. இனி எழும் தமிழ்–மராத்தி அகராதிகள் இவ்வகைச் சொற்களுக்கு நிகர்ச்சொல் தருவதோடு அமையாமல், அவை ஏற்கும் வினைகளையும், தன்மை இடத்தில் வருமா என்பதையும், பொறுப்பின் அளவையும் குறித்தல் வேண்டும்.

பம்பாய்க்குப் ‘பிழைக்கப் போனவர்’ என்று தம் ஊராரால் குறிக்கப்பட்ட தலைமுறையினரில் பெரும்பாலோர் பிறர் மொழியில் கணக்கும் கடிதமும் எழுதிப் பிழைத்தனர். அவர்களுக்கு எழுத்தில் நேரும் ஒரு பிழை பிழைப்பையே பறிக்கக்கூடியதாக இருந்தது. தவறியவர் சொதப்பினாரா, குற்றம் புரிந்தாரா என்பதைச் சரியான சொல்லால் வேறுபடுத்திக் காட்டும் கடமை இன்று அவர்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்தது.